ஒரு வீட்டுக்கு ஒரு போனஸ்

அயர்ன்வுட் ஊரில் ரெய்னோ கங்காஸை ஏமாற்றிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. மனுஷனுக்கு வந்த கேடே அதுதான்.

ஆயுள் முழுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டத்துக்கு மதிப்புப் போடுகிற வேலை பார்த்தவர். மரம் விழுந்து உடைந்த கூரையைக் காட்டினால், அது தானாக விழுந்த மரமா, தள்ளிவிட்ட மரமா என்று கேட்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூளைக்கு வேலை வேண்டாமா? இணையத்தில் போக்கர் சீட்டு ஆடப் போனார். ஆட்டத்தைவிட, ஆள் பிடிக்க அந்தத் தளங்கள் கொடுக்கிற போனஸ்தான் அவருக்குப் பிடித்துப் போனது. எந்தத் தளம் என்ன தருகிறேன் என்கிறது, அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கப்ஸா என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார். மிஷிகனில் ஆடுகிறவர்கள் கூடும் இணையக் குழுவில், 'கங்காஸ் மார்க் போட்டாச்சா?' என்று கேட்காமல் யாரும் பணம் கட்டுவதில்லை.

அதே மனுஷன்தான் போன நவம்பரில் மனைவி மாவிஸுக்கும் மார்க் போட்டார்.

டுலூத்தில் ஏரியைப் பார்த்த ஓட்டல் அறை, தம்பதிகளுக்கு இரண்டு இரவு, பாதி விலை. நாற்பதாவது கல்யாண நாளுக்குப் போகலாமா என்று மாவிஸ் ஆசையாகக் கேட்டாள். ரெய்னோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளம்பரத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். வார நாளில் மட்டும்தானாம். சாப்பாடு சேர்த்தியில்லையாம். கார் நிறுத்தத் தனிக் காசாம். பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வீட்டிலேயே இருப்பதுதான் லாபம் என்று நிரூபித்தார். மாவிஸ் முழுக்கக் கேட்டாள். காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹர்லியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பக்கம் மிஷிகன், அந்தப் பக்கம் விஸ்கான்சின். காரில் கிளம்பினால் ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ரெய்னோ போகவில்லை. நாலு நாளில் கோபம் தணிந்து வந்துவிடுவாள் என்று இருந்தார். கிறிஸ்துமஸ் போயிற்று. இப்போது மார்ச். பனி சமையலறை ஜன்னலின் கீழ்விளிம்பு வரை ஏறி நிற்கிறது.

இன்று சனிக்கிழமை.

கொல்லையில் ஆவிக் குளியலுக்கான சவுனா அறை சில்லிட்டுக் கிடந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அதில் அடுப்பு மூட்டுவார்கள். கல் காய்ந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டு, எழும்புகிற ஆவியில் இரண்டு பேரும் பலகையில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. மாவிஸ் போன பிறகு ரெய்னோ அந்தக் கதவையே திறக்கவில்லை. வீட்டுக்குள் குழாயில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மேசைக்கு வந்துவிடுவார்.

இன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்து, குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

'நண்பர்களே, "நீங்கள் போடும் பணத்துக்குச் சமமாக நாங்களும் போடுகிறோம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாயைப் பிளக்காதீர்கள். அந்தப் பணம் உடனே உங்கள் கைக்கு வராது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தளம் கமிஷன் எடுக்கிறதல்லவா, நீங்கள் ஆடி ஆடி அந்தக் கமிஷனைக் கட்டக் கட்ட, போனஸ் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். ஆகவே தொகையைப் பார்க்காதீர்கள். ஒரு டாலர் அவிழ எவ்வளவு கமிஷன் அழ வேண்டும் என்று பாருங்கள். பிறகு கெடுவைப் பாருங்கள். கெடுவுக்குள் முடிக்கும் அவசரத்தில் பெரிய பந்தய மேசையில் போய் உட்கார்ந்தீர்களானால் போனஸும் போச்சு, முதலும் போச்சு. முக்கியமான விஷயம், முதல் தடவை போடும் பணத்துக்குத்தான் சமம். சோதித்துப் பார்க்கலாமே என்று இருபது டாலர் போட்டால் உங்கள் போனஸும் இருபதோடு சரி.'

இருபது என்று எழுதும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆள் ஞாபகம்.

ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம், அவர் ஆடும் மலிவு மேசையில் புதிதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். ஆணா பெண்ணா தெரியாது. தளத்தில் வைத்துக்கொண்ட பெயர் 'ஒற்றைக் கையுறை'. ஆட்டம் படு மோசம். எந்தச் சீட்டு வந்தாலும் ஆட்டத்தை விட்டு விலக மாட்டார். எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் ஓய்வார். ரெய்னோவுக்குப் பொறுக்கவில்லை. மேசை ஓரத்தில் எழுதிப் பேசுகிற இடத்தில் கேட்டார்.

"சேர்ந்தப்போ போனஸ் முழுசா வாங்கினீங்களா?"

"இருபது டாலர் போட்டேன்."

"அடக் கடவுளே! ஆயிரம் வரைக்கும் சமமாத் தர்றான். இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே!"

"எனக்கு இருபது போதும். உட்காந்து ஆடத்தானே வந்தேன்."

இப்படி ஒரு பதிலை ரெய்னோ கேள்விப்பட்டதே இல்லை. அன்றிலிருந்து தினமும் அந்த ஆள் வருவார், பொழுது சாயும் நேரத்துக்கு. ரெய்னோ எந்தச் சீட்டை விட வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அப்படியே பேச்சு எங்கெங்கோ போயிற்று. முழங்கால் வலியைச் சொன்னார். பனி வாரும் இயந்திரம் மக்கர் செய்வதைச் சொன்னார். ஒருநாள் அந்த ஆள் கேட்டார்: "சனிக்கிழமை சவுனா மூட்டுவீங்களா?"

ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் அது யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான்.

"இல்ல. ஒருத்தனுக்காக எதுக்கு அவ்வளவு விறகு?" என்று எழுதினார் ரெய்னோ.

கொஞ்ச நேரத்தில் அந்த இருக்கை காலியாகிவிட்டது. இணைப்பு அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அந்த ஆள் திரும்ப வந்தபோது அவருக்கு அப்பாடா என்று இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, நாள் முழுக்க அவர் காத்திருப்பதே அந்த நேரத்துக்காகத்தான். மற்றபடி ஃபோன் அடிக்காது. கதவு தட்டப்படாது. மகள் லோர்னா சனிக்கிழமை சாப்பாடு கொண்டுவருவாள், அவ்வளவுதான்.

கட்டுரையின் கடைசி வரியை எழுதினார். 'ஒரு வீட்டுக்கு ஒரு போனஸ்தான். கணவனும் மனைவியும் தனித்தனியாக வாங்க முடியாது. தனிக்கட்டைகளுக்கு இந்த விதியைப் பற்றிக் கவலை இல்லை.'

அதைத் திரும்பப் படித்தார். கடைசி வாக்கியத்தை அழித்துவிட்டு மீதியை அனுப்பினார்.

பிறகு தளத்தைத் திறந்தார். அவருக்கே ஒரு போனஸ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆட்களுக்கென்று பிப்ரவரியில் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதிக மார்க் போட்டது அதற்குத்தான். முக்கால்வாசி அவிழ்ந்துவிட்டது. கெடு நாளையோடு முடிகிறது.

திரையில் ஒரே வரி நின்றது. உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, எங்களை அழைக்கவும்.

அழைத்தார். கண்ணாடி டம்ளரில் கரண்டி தட்டுகிற மாதிரி ஒரு சங்கீதம் வெகுநேரம் ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் மிஸ்டர் கங்காஸ், டெலேனி பேசறேன். உங்க வீட்டு விலாசத்துலயே இன்னொரு கணக்கு இருக்கு சார். ரெண்டு பேருமே போனஸ் வாங்கியிருக்கீங்க."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்னு எனக்கே பாடம் எடுக்காதேம்மா. இப்பத்தான் ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பினேன். இந்த வீட்ல நானும் ஒரு ஃப்ரிட்ஜும்தான் இருக்கோம். ஃப்ரிட்ஜ் சீட்டாடாது."

டெலேனி சிரித்துவிட்டாள். உடனே சமாளித்துக்கொண்டாள். "ரெண்டு கணக்குமே உங்க வீட்டு வைஃபையில இருந்துதான் ஆடுது சார். தினமும்."

"பக்கத்து வீட்டுப் பையன் எவனாவது திருடறானோ என்னவோ."

"அந்தக் கணக்கோட குடும்பப் பேரும் கங்காஸ்தான். இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது."

ரெய்னோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னொரு விஷயமும் இருக்கு சார். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே மேசையில உட்காந்திருக்கீங்க. ஒரே வீட்டு ஆளுங்க அப்படி ஆடக்கூடாது. கைச் சீட்டை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலாம் பாருங்க."

"அந்தாளு... இருபது டாலர் போட்டுச் சேர்ந்த ஆளாம்மா?"

"நான் சொல்லக்கூடாது சார்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவிலேயே பதில் கிடைத்துவிட்டது.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒரே ஒரு கேள்விதான் சார். அவங்க உங்க வீட்டு ஆளா, இல்லையா? ஆமான்னா உங்க போனஸ் ரத்து. அவங்கதான் முதல்ல வாங்கினாங்க. கணக்கு ரெண்டும் இருக்கும், ஆனா இனிமே ஒரே மேசையில உட்கார முடியாது. இல்லைன்னா, அவங்க பொய் விலாசம் கொடுத்தவங்க ஆயிடறாங்க. அவங்க கணக்கை மூடிடுவோம். உங்க போனஸ் உங்களுக்கு. அவங்களையும் நேத்தே கேட்டாச்சு, பதிலும் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"சொல்ல முடியாது சார். நீங்க இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க."

ரெய்னோ ஃபோனை வைத்தார். எழுந்து பின்கட்டுக்குப் போனார். கதவுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை கிடந்தது. ஒன்றே ஒன்று. மாவிஸ் வருஷா வருஷம் கையுறை வாங்குவாள், வருஷா வருஷம் ஒன்றைத் தொலைப்பாள். மிஞ்சிய ஒன்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. அவள் போனதிலிருந்து ரெய்னோ தினமும் இதைத் தாண்டித்தான் குப்பை கொட்டப் போய் வந்தார். தினமும் ஒற்றைக் கையுறையோடு சீட்டாடினார். பொடி எழுத்தையெல்லாம் படிக்கிற கண் இதைப் படிக்கவில்லை.

லோர்னா வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள், சனிக்கிழமை அரை நாள்தான். காகிதப் பையில் சுடச்சுட பாஸ்டி. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து, மடித்துச் சுட்டது.

"கெட்சப் எங்கப்பா?"

"உங்கம்மா காரை எங்க நிறுத்தறா?"

லோர்னா பையை மேசையில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. "யாரு சொன்னா?"

"சீட்டாட்டக் கம்பெனிக்காரி. நீதான் சேர்த்துவிட்டியா?"

"ஆமா, நான்தான். என்ன இப்போ? அம்மா லைசென்ஸ்ல இன்னும் இந்த வீட்டு விலாசம்தான் இருக்கு. அதைத்தான் கொடுத்தோம்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தத் தளம் திறக்கவே திறக்காதே. விஸ்கான்சின்ல சட்டம் விடாது."

"அதனாலதானே இந்தப் பக்கம் வரா!" லோர்னாவின் குரல் உயர்ந்தது. "பாலத்தைத் தாண்டினதும் கடைத்தெரு இருக்கு, ஃபோன்ல டேட்டா இருக்கு, எங்க வேணா நிறுத்தி ஆடலாம். இங்கதான் வரா. சவுனாவுக்குப் பின்னாடி சந்துல. நீங்க கராஜுல ரேடியோ கேட்கணும்னு நான்தானே வைஃபையைப் பின்னாடி வரைக்கும் இழுத்துவிட்டேன்? வண்டி நின்னதுமே அவ ஃபோன் தானா வீட்டு வைஃபையைப் பிடிச்சுக்குது. அதை நிறுத்தச் சொல்லிக் கொடுக்கறேன்னேன். வேண்டாம்னுட்டா."

சந்துப் பனியில் தினமும் புதிதாகப் பதிந்திருந்த தடம் ரெய்னோவுக்கு ஞாபகம் வந்தது. "அந்த டயர் தடம்..." என்றார்.

"ஆமா, தடம். யாரோ வம்புக்காரன் நிறுத்தறான்னு போர்டு வேற எழுதி வச்சீங்களே! 'இங்கே நிறுத்தாதே'ன்னு! அம்மா அன்னிக்கு என் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதா. மறுநாள் போர்டுக்கு ஒரு அடி தள்ளி நிறுத்தினா."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பெட்ரோல் கணக்குப் போட்டிருப்பீங்க." சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் பேசினாள். "அம்மா ஒண்ணு சொன்னாப்பா. 'உங்கப்பா நாற்பது வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல. எவன்னே தெரியாத ஆள்கிட்ட முழங்கால் வலியைச் சொல்றார். நான் அந்த எவனோவாவே இருந்துட்டுப் போறேன்'னா."

ரெய்னோ பாஸ்டியைப் பிரித்தார். சாப்பிடவில்லை. லோர்னா அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, கெட்சப் கேட்காமலேயே கிளம்பிப் போனாள்.

அவள் கார் சத்தம் அடங்கியதும் வீடு திரும்பவும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி இத்தனை மாதத்தில் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். இல்லை. இன்று அதைத் தாங்க முடியவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சவுனாவைச் சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்தார். தடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, பனி அந்த இடத்தில் கெட்டித்துப் பளபளவென்று இருந்தது. ஒரே கார், ஒரே இடம். ஓட்டுபவர் பக்கத்தில் பனியில் காப்பி சிந்திய பழுப்புக் கறை. அங்கே நின்று பார்த்தால் சமையலறை ஜன்னல் தெரிகிறது. மேசை தெரிகிறது. மேசையில் அவர் உட்காருகிற நாற்காலியும் தெரிகிறது. விளக்குப் போட்ட மேசையிலிருந்து பார்த்தால், வெளி இருட்டில் சவுனாவின் சுவர் மட்டும்தான் மங்கலாகத் தெரியும்.

அவர் கைப்பட எழுதிய போர்டு பனியில் குத்தி நின்றது. பிடுங்க முயன்றார். உறைந்து போயிருந்தது. காலால் உதைத்து, ஆட்டி, மூச்சு வாங்கப் பிடுங்கி எடுத்தார்.

உள்ளே வந்து, கோட்டோடு நின்றபடியே ஃபோன் செய்தார். அந்தச் சங்கீதம் மறுபடியும் ஓடியது. மனசு பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டது. ஆமா என்றால் போனஸ் போச்சு, சரி, போகட்டும். ஆனால் மேசையும் போச்சு. சாயங்காலம் வந்து உட்காரும் அந்த ஆளும் போச்சு. இல்லை என்றால் அவள் கணக்கை மூடிவிடுவார்கள், அப்போதும் அந்த ஆள் போச்சு. எப்படிப் பார்த்தாலும் நாளையிலிருந்து அந்த இருக்கை காலி. அவள் வேறு நேற்று என்ன சொன்னாளோ? 'அந்த வீட்டு ஆள் இல்லை' என்று சொல்லியிருந்தால்? சொல்ல எல்லாக் காரணமும் அவளுக்கு இருந்தது.

"டெலேனி பேசறேன். சொல்லுங்க மிஸ்டர் கங்காஸ்."

"அவ என் வீட்டு ஆள்தாம்மா."

"கொஞ்சம் தெளிவாச் சொல்லணும் சார், பதிவாகுது. ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

ரெய்னோ ஜன்னல் வழியாகச் சவுனாவின் சுவரைப் பார்த்தார்.

"அவ கொஞ்ச நாளா வெளியில இருக்கா. குளிர்ல. ஆனா வீடு ஒண்ணுதான். அப்படியே எழுதிக்கோ."

"அப்போ உங்க போனஸ் ரத்தாகுது சார், சம்மதம்தானே? முக்கால்வாசி முடிச்சிருக்கீங்க. நாளைக்குத்தான் கெடு."

"சம்மதம்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. டெலேனி சற்றுத் தயங்கினாள். சின்னப் பெண்தான், விதியை மீறக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேர் பதிலும் ஒத்துப் போகுது சார். கேஸ் முடிஞ்சுது. திங்கக்கிழமை வரைக்கும் ரெண்டு கணக்கும் பூட்டியிருக்கும்."

ரெய்னோ ஃபோனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்?

பிறகு சவுனா கதவைத் திறந்தார். பனி அடைத்து இறுகியிருந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. உள்ளே பழைய தேவதாரு மர வாசனை. பலகையில் மாவிஸின் துண்டு விறைத்துக் கிடந்தது. பிர்ச் மரத்துப் பட்டையைக் கிழித்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். முதலில் புகை உள்ளேயே திரும்பி அடித்து இருமல் வந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. விறகை அடுக்கினார். இரண்டு பேருக்கு வேண்டிய விறகு.

வெளியே வந்து நின்றார். சிம்னியிலிருந்து புகை நேராக மேலே போனது.

பொழுது சாய்ந்தது. அவளுடைய கணக்கும் பூட்டிக் கிடக்கிறது. ஆட்டம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆட்டமில்லாத நாளில் எதற்காகப் பாலத்தைத் தாண்டி வருவாள்? இதற்கு அவரால் மதிப்புப் போட முடியவில்லை. தினமும் அவள் வருகிற நேரம் வந்தது. வந்து கடந்தும் போனது. பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். ரெய்னோவின் கால்விரல் மரத்துப் போயிற்று. உள்ளே போய்க் கல் காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். காய்ந்துவிட்டது. மறுபடி வெளியே வந்தார்.

வரமாட்டாள் என்றே முடிவுகட்டி, அடுப்பை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சந்தின் கோடியில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.

விளக்கை அணைத்தபடி ஒரு கார் மெல்ல ஊர்ந்து வந்தது. வழக்கமான இடத்துக்கு ஓரடி முன்னே வந்து நின்றது. போர்டு இருந்த இடம் அது.

ரெய்னோ கோட்டுப் பையிலிருந்து சிவப்புக் கையுறையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியது. மாவிஸ் இளைத்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"போர்டை எடுத்துட்டியா?" என்றாள்.

"எடுத்துட்டேன்."

"ஆட்டம் பூட்டிக் கிடக்கு. தெரியுமா?"

"தெரியும். அப்புறம் ஏன் வந்தே?"

"தெரியல. இந்த நேரமாச்சுன்னா வண்டி தானா திரும்பிடுது." அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னாள். "புகையைப் பாலத்துலேயே பார்த்துட்டேன். வேற யார் வீட்டுதோன்னு நினைச்சேன்."

ரெய்னோ கையுறையை நீட்டினார். மாவிஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவி அதன் ஜோடியை எடுத்தாள். சிரிக்கப் போனாள், உதடு கோணிக்கொண்டது.

"கல் காஞ்சிருக்கு மாவிஸ். உள்ள வா."

அவள் சிம்னியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன கண்டிஷன்?"

ஆயுள் முழுக்க அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ரெய்னோவும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

மாவிஸ் இரண்டு கையுறையையும் மெதுவாக மாட்டிக்கொண்டாள். இறங்கவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை.

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள். "அந்தப் பக்கமா ஏறி உட்காரு. கண்ணாடியைத் தேடாதே, படிக்கறதுக்கு எதுவும் இல்ல. காதால கேட்டாப் போதும்."

ரெய்னோ காரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்துக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார்.